பிராசஸ் இம்ப்ரூவ்மென்ட் மாதிரிகள்: தொடக்க வழிகாட்டிகளில் எதை முதலில் படிப்பது?

புதுக்கணினி எழுதியது:

வணக்கம். பன்னிரண்டு பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீம் எங்களுடையது. பிராசஸ் இம்ப்ரூவ்மென்ட், அதாவது வேலை செய்யும் முறையைச் சீராக்குவது பற்றிப் படித்து, எந்த மாதிரியைப் பின்பற்றலாம் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும் வேலையை மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். கிடைத்த தொடக்க வழிகாட்டிகளை எல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே ஐந்து படிக்கட்டுப் படம், லெவல் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அதைத் தாண்டினால் சிஎம்எம், சிஎம்எம்ஐ, ஸ்பைஸ், ஐடியல், சிக்ஸ் சிக்மா என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி. படித்து முடித்தபின் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

எங்கள் தொல்லைகள் இவை. சொன்ன தேதிக்கு எதுவும் முடிவதில்லை. ஒருமுறை சரிசெய்த பக் (கோடில் உள்ள பிழை) இரண்டு ரிலீஸ் கழித்துத் திரும்பி வருகிறது. ரெக்வயர்மென்ட் மாற்றம், அதாவது கேட்டதில் வரும் மாற்றம், போனிலேயே வந்து போனிலேயே போய்விடுகிறது. யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவே இல்லை.

சிஎம்எம் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாக (ஸ்பிரிண்ட்) பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையை நாங்கள் பின்பற்றுகிறோமே, அது போதாதா? எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது?

ஆடிட்டர்மாமா எழுதியது:

தம்பி, அந்தப் படிக்கட்டுப் படம் யாருக்காக வரையப்பட்டது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். வழிகாட்டி எழுதுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் பெரிய தலைவலி, சாஃப்ட்வேர் ஒப்பந்தங்கள். நேரத்துக்கு வராது, செலவு எகிறும். அவர்கள் பணத்தில் 1984-இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட், அதாவது எஸ்இஐ, தொடங்கியது. ஐபிஎம்மில் நெடுங்காலம் வேலை பார்த்த வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986-இல் அங்கே வந்து சேர்ந்தார். ஒப்பந்தக்காரர்களின் திறனை எடைபோடும் கேள்விப் பட்டியல் 1987-இல் வந்தது. அதன் ஐந்து நிலை யோசனைக்கு, ஃபிலிப் கிராஸ்பி 1979-இல் வெளியிட்ட ஐந்து கட்டத் தர முதிர்ச்சி அட்டவணை முன்னோடி. அது வளர்ந்து 1991-இல் கேப்பபிலிட்டி மெச்சூரிட்டி மாடல், அதாவது சிஎம்எம் 1.0, 1993-இல் 1.1.

அதாவது வாங்குகிறவர் ஒருவர், "இவர்களை நம்பி வேலை கொடுக்கலாமா" என்று பார்க்கச் செய்த அளவுகோல் அது. உள்ளே உட்கார்ந்து தன் வேலையைச் சீராக்க நினைப்பவருக்கு வேண்டியது வேறு. இரண்டு பேருக்கும் ஒரே ஆவணத்தைக் கொடுத்ததால்தான் உனக்குத் திங்கட்கிழமை காலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

உயிரோடு இருக்கிறதா என்றால், சிஎம்எம் இல்லை, அதன் வாரிசு சிஎம்எம்ஐ இருக்கிறது. 2000-இல் முதல் பதிப்பு, 2010-இல் 1.3. 2016-இல் ஐசாகா என்ற ஐடி தணிக்கையாளர் அமைப்பின் கைக்குப் போனது. 2018-இல் 2.0, 2023-இல் 3.0. கையிலுள்ள வழிகாட்டி எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி: "22 பிராசஸ் ஏரியா" (வேலையை வகை பிரித்த பகுதிகள்) என்று எழுதியிருந்தால் அது 1.2 அல்லது 1.3. "ப்ராக்டிஸ் ஏரியா" என்று எழுதியிருந்தால் 2.0 அல்லது அதற்குப் பிந்தியது. "18 கீ பிராசஸ் ஏரியா" என்றால் அது பழைய சிஎம்எம், மூடி வைத்துவிடு.

பின்னிரவு_டெவ் எழுதியது:

மாமா வரலாறு சொல்லிட்டார், நான் மறுபக்கம் சொல்றேன். இந்த லெவல் விவகாரத்தை ஆரம்பத்திலேயே ஆளுங்க கேள்வி கேட்டிருக்காங்க. 1991-லயே போலிஞ்சர், மெக்கோவன்னு ரெண்டு பேர் அந்தக் கேள்விப் பட்டியலோட மதிப்பெண் போடுற முறையைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. 1994-ல ஜேம்ஸ் பாக் ஒரு கட்டுரை எழுதினார்: அன்னைக்குச் சந்தையில கொடிகட்டிப் பறந்த பிசி சாஃப்ட்வேர் நிறுவனங்களை இந்த அளவுகோல்ல வச்சா முதல் லெவலையே தாண்டாது, அப்புறம் இது எதைத்தான் அளக்குது? அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கலை.

நடைமுறையில நான் பார்த்தது என்னன்னா, லெவல் டெண்டருக்கான தகுதியாகிற அன்னைக்கு எல்லாரும் டாக்குமென்ட் தயாரிக்க உட்கார்ந்துடுவாங்க. ரிவ்யூ நடக்காது, ரிவ்யூ நடந்ததா ஃபார்ம் மட்டும் இருக்கும். ஆடிட் வாரத்துல போன மாசத்துத் தேதி போட்டு மினிட்ஸ் எழுதுறதைப் பார்க்காதவங்க கை தூக்குங்க.

ஏட்டுச் சுரைக்காய் வேண்டாம் தம்பி. ஸ்க்ரம்ல ரெட்ரோஸ்பெக்டிவ் இருக்கு. 2001-ல எழுதின அஜைல் பிரகடனத்தோட பன்னிரண்டாவது கொள்கையே அதுதான்: டீம் அப்பப்போ உட்கார்ந்து, எப்படி இன்னும் நல்லா வேலை செய்யலாம்னு யோசிச்சு மாத்திக்கணும். அதை ஒழுங்கா செய், போதும்.

மணிமேகலை_க்யூஏ எழுதியது:

"ஒழுங்கா செய்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ரெட்ரோவில் "டெஸ்டிங்குக்கு நேரம் போதவில்லை" என்று ஒட்டிய மஞ்சள் சீட்டு அடுத்த ரெட்ரோவிலும் வரும், அதற்கடுத்ததிலும் வரும். நேரம் எங்கே போனது என்பதற்கு யாரிடமும் எண் இருக்காது. அதனால் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

புதுக்கணினி, லெவல்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சிஎம்எம்ஐ 1.3-ஐ எஸ்இஐ இலவசமாக வெளியிட்டது. 2.0 முதல் காசு கொடுக்கவேண்டும். நீங்கள் தேடும் தொடக்க வழிகாட்டி அந்த 1.3 ஆவணம்தான் என்பது என் கருத்து, ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்கக்கூடாது. உங்கள் தொல்லைகளை எடுத்துக்கொண்டு அதற்குரிய பகுதியை மட்டும் திறங்கள்.

போனில் வரும் மாற்றத்துக்கு ரெக்வயர்மென்ட்ஸ் மேனேஜ்மென்ட். மிகச் சிறிய பகுதி, ஒரே இலக்கு, ஐந்து பழக்கங்கள். கேட்டதைப் புரிந்துகொள், செய்பவர்களின் ஒப்புதல் வாங்கு, மாற்றத்தைப் பதிவுசெய், கேட்டதற்கும் கட்டியதற்கும் தொடர்பு வை, திட்டத்தோடு முரண்பட்டால் கவனி. இவ்வளவுதான். டூல் வாங்கச் சொல்லவில்லை, ஃபார்ம் போடச் சொல்லவில்லை. போன் வந்ததும் டிக்கெட்டில் (வேலையைப் பதிந்து வைக்கும் குறிப்பு) இரண்டு வரி எழுதி, கேட்டவரிடமே "இதுதானே?" என்று திருப்பி அனுப்பி, செய்யப்போகிறவரும் அங்கேயே "சரி" என்று எழுதினால் முதல் மூன்றும் நடந்துவிட்டன.

திரும்பி வரும் பக் விஷயம் சுவாரசியமானது. அதற்குரிய பகுதி காசல் அனாலிசிஸ், காரணம் ஆராய்வது. 1.3-இல் அதை ஐந்தாம் லெவலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்! படிக்கட்டுப் படத்தை நம்பினால், பக் ஏன் வந்தது என்று யோசிக்கும் உரிமையே உங்களுக்கு உச்சிக்குப் போனபின்தான். புள்ளியியல் அடிப்படை வந்தபிறகு செய்யும் ஆராய்ச்சியை மனதில் வைத்து அங்கே போட்டார்கள், புரிகிறது. ஆனால் புதிதாகப் படிப்பவர் அதைத் தவறாகத்தான் எடுத்துக்கொள்வார். 2.0-இல் இதைத் திருத்திவிட்டார்கள்: ஒவ்வொரு ப்ராக்டிஸ் ஏரியாவுக்குள்ளேயே முதல் நிலையிலிருந்து படிகள் உண்டு, காரணம் ஆராய்வதற்கும் அப்படியே.

செய்முறை கேட்டால்: ரிலீசுக்குப் பிறகு வந்த கடைசி இருபது முப்பது பக்கை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நெடுவரிசை போட்ட அட்டவணை. எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடித்திருக்கலாம், ஏன் தப்பியது. ஐபிஎம்மில் ராம் சில்லரேகே குழு 1992-இல் வெளியிட்ட ஆர்த்தகனல் டிஃபெக்ட் கிளாசிஃபிகேஷன் இதன் முழு வடிவம். உங்களுக்கு இந்த மூன்று நெடுவரிசையே போதும். உட்கார்ந்து நிரப்பினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவரும். கோடின் பழைய கிளையிலிருந்து மெர்ஜ் செய்யும்போது, அதாவது இரண்டு பிரதிகளை இணைக்கும்போது, ஃபிக்ஸ் காணாமல் போவது என்பது என் ஊகம். அப்படி இருந்தால் உங்கள் பிரச்சினை டெஸ்டிங்கே இல்லை, கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட், அதாவது எந்த மாற்றம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது. அது இரண்டாம் லெவல்.

புதுக்கணினி எழுதியது:

அக்கா, மெர்ஜ் பற்றிச் சொன்னது சுருக்கென்று தைத்தது. ரிலீஸ் கிளையில் சரிசெய்வோம், மெயின் கிளைக்குக் கொண்டுவர யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் அட்டவணை போட்டபிறகுதான் உறுதியாகச் சொல்வேன்.

கீழ்வரிசை எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் நான்கே பேர். 22 ஏரியா என்று கேட்டாலே மூச்சு முட்டுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஏதும் உண்டா?

ஆடிட்டர்மாமா எழுதியது:

உண்டு. ஐஎஸ்ஓ/ஐஇசி 29110 என்ற சர்வதேசத் தரநிலை. இருபத்தைந்து பேர் வரை உள்ள அமைப்புகளுக்கென்றே எழுதியது, 2011-இல் வெளிவரத் தொடங்கியது. அதன் பேசிக் ப்ரொஃபைலில் மொத்தமே இரண்டு பிராசஸ்: திட்ட மேலாண்மை ஒன்று, சாஃப்ட்வேர் உருவாக்கம் ஒன்று. அதைவிடச் சிறியதாக என்ட்ரி ப்ரொஃபைல். பிரேசில்காரர்களும் சிறு, நடுத்தர நிறுவனங்களை மனதில் வைத்து எம்பிஎஸ்-பிஆர் என்று சொந்தமாக ஒரு மாதிரி செய்தார்கள். அதில் ஐந்துக்குப் பதில் ஏழு நிலை, ஜி-யில் தொடங்கி ஏ வரை. பெரிய தாவலாக இல்லாமல் சின்னச் சின்னப் படியாக ஏறட்டும் என்று.

ஸ்பைஸ் பற்றியும் ஒரு வார்த்தை, அது தம்பியின் பட்டியலில் இருந்தது. பிராசஸ்களை மதிப்பிடும் தரநிலை அது. ஐஎஸ்ஓ 15504 என்ற பெயரில் வளர்ந்து, 2015 முதல் 33000 வரிசைக்கு மாறியது. அது நிறுவனம் முழுவதற்கும் ஒரே எண் போடுவதில்லை. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியாக 0 முதல் 5 வரை. டெஸ்டிங்கில் 3, ரெக்வயர்மென்டில் 1 என்று வரலாம். ஒவ்வொரு பண்பும் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதற்கு நான்கு எழுத்து: 15 சதவீதம் வரை என் (நிறைவேறவில்லை), 50 வரை பி (ஓரளவு), 85 வரை எல் (பெரும்பாலும்), அதற்கு மேல் எஃப் (முழுமையாக). கார் துறையில் ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் கேட்காத பெரிய வாடிக்கையாளர் குறைவு. உங்கள் வேலை அந்தப் பக்கம் இல்லையென்றால் இப்போதைக்கு இது போதும்.

பின்னிரவு_டெவுக்கு: முதல் லெவல் என்றால் மோசமான நிறுவனம் என்று பொருளில்லை. நல்ல விளைவு அங்கே இருக்கும் ஆட்களைச் சார்ந்தது, அவர்கள் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது என்று பொருள். ஜேம்ஸ் பாக் சொன்ன நிறுவனங்களுக்கு அது பொருந்தத்தான் செய்தது. விண்வெளி ஓடத்தின் சாஃப்ட்வேர் எழுதிய ஐபிஎம் ஹூஸ்டன் குழு 1989-இலேயே ஐந்தாம் லெவல். அங்கே ஆட்களின் திறமையை மட்டும் நம்பி ஓடத்தை ஏவமுடியாதல்லவா?

பின்னிரவு_டெவ் எழுதியது:

விண்வெளி ஓடத்துக்கு யாரு மாமா மறுக்கிறா? அவங்க ரெக்வயர்மென்ட் போன்ல வராது.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், அளவு வேணும். அதுக்கு டோராங்கிற ஆராய்ச்சிக் குழுவோட அளவைகள் இருக்கே: எவ்வளவு அடிக்கடி கோடு ஆளுங்க பயன்படுத்துற இடத்துக்கு, அதாவது ப்ரொடக்‌ஷனுக்குப் போகுது, கோடைப் பதிஞ்ச கமிட்ல இருந்து அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம், போனதுல எத்தனை பங்கு உடையுது, உடைஞ்சா எவ்வளவு நேரத்துல நிமிருது. நாலே எண்ணா 2018-ல புத்தகமாவே வந்துச்சு. லெவல் கிவெல் எதுவும் வேண்டாம்.

சுழற்சி எழுதியது:

டோரா நல்லதுதான். ஆனால் புதுக்கணினியின் முதல் தொல்லை, தேதி தவறுவது. டெலிவரி குழாய் எவ்வளவு வேகம் என்று அந்த நான்கு எண்களும் சொல்லும். எஸ்டிமேட் ஏன் பொய்க்கிறது என்று சொல்லாது. ஆயத்த அளவைகளை எடுத்துப் பூட்டினால் இதுதான் நடக்கும். யாரோ வேறொரு கேள்விக்குச் செய்த எண்ணை நம் கேள்விக்குப் பதிலாக நினைத்துக்கொள்வோம்.

தொடக்க வழிகாட்டிகள் இரண்டு பத்தியில் கடந்துபோகும் இன்னொரு மரபு உண்டு. சிஎம்எம்ஐ, ஸ்பைஸ் போன்றவை வெளியிலிருந்து ஒரு முன்மாதிரியைக் கொண்டுவந்து "இதோடு ஒப்பிட்டுக்கொள்" என்பவை. மற்ற மரபு, உள்ளே இருக்கும் தரவிலிருந்து தொடங்கச் சொல்கிறது. 1976-இல் நாசாவின் காடர்ட் மையத்தில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் லேபரட்டரி தொடங்கியது. விக்டர் பேசிலி அதன் முக்கியமான ஆள். கால் நூற்றாண்டு நடந்தது. தங்கள் சொந்தத் திட்டங்களின் தரவைச் சேர்த்து, ஒரு மாற்றத்தைச் சோதித்து, பலன் இருந்தால் வைத்துக்கொண்டு, இல்லையென்றால் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து வந்ததுதான் ஜிக்யூஎம்: இலக்கு, கேள்வி, அளவை. இந்த வரிசை மாறக்கூடாது.

உங்கள் எஸ்டிமேட்டுக்கே போட்டுப் பார்ப்போம். பேசிலி இலக்கை ஒரு வார்ப்பில் எழுதச் சொல்வார்: எதை, எதற்காக, எந்தப் பண்பில், யார் பார்வையில், எந்தச் சூழலில். ஆகவே, "நம் டிக்கெட் எஸ்டிமேட்டுகளை, மேம்படுத்துவதற்காக, துல்லியம் என்ற பண்பில், ஸ்பிரிண்ட் திட்டமிடுபவர் பார்வையில், இந்த டீமில் ஆராய்வது". கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் "யார் பார்வையில்" என்று எழுதவேண்டி வந்தவுடன் அறையில் ஒரு சண்டை வரும் பாருங்கள், அது நல்ல சண்டை. மேனேஜருக்கு வேண்டியது ரிலீஸ் தேதி. டெவலப்பருக்கு வேண்டியது இந்த டிக்கெட்டின் மணிநேரம். இரண்டும் ஒரே எண்ணில் கிடைக்காது.

அடுத்து கேள்விகள். சொன்னதற்கும் ஆனதற்கும் இப்போது எவ்வளவு இடைவெளி? எந்த வகை டிக்கெட்டில் அதிகம்: புது வசதியிலா, பழைய கோடைத் தொடுவதிலா? வேலை தொடங்கியபின் கேட்டது மாறிய டிக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இடைவெளி குறைகிறதா? டிக்கெட் கையில் எடுக்கப்பட்டபின் ரிவ்யூவுக்காகச் சும்மா காத்திருந்த நேரம் எவ்வளவு?

அளவைகள் கடைசியில்தான். சொன்ன மணி, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வகை, இடையில் மாறியதா என்ற ஆம்-இல்லை, ரிவ்யூவுக்குக் கொடுத்த நேரம், ரிவ்யூ தொடங்கிய நேரம். முக்கால்வாசி உங்கள் டிக்கெட் டூலில் ஏற்கெனவே கிடக்கும். புதிதாக ஒருவர் நிரப்பவேண்டியது அந்த ஆம்-இல்லை மட்டும். மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் உங்கள் முதல் தொல்லையும் மூன்றாவது தொல்லையும் ஒன்றே. எஸ்டிமேஷன் பயிற்சி வகுப்புக்குப் பணம் செலவழிக்கவேண்டாம்.

கேள்வி இல்லாத அளவையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். "இருக்கட்டும், பிறகு உதவும்" என்று சேர்ப்பவை உதவுவதே இல்லை.

பின்னிரவு_டெவ் எழுதியது:

இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா "யார் லேட்"னு அட்டவணையில ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொல்லி மேல இருந்து வரும், பந்தயம் கட்டுறேன். அன்னைக்கே எல்லா எஸ்டிமேட்டும் ரெண்டு மடங்காகும், துல்லியம் அமோகமா இருக்கும்.

மணிமேகலை_க்யூஏ எழுதியது:

அதனால்தான் ஹம்ஃப்ரி பிற்பாடு தனிநபருக்கான பிஎஸ்பி என்ற முறையைச் செய்தபோது, ஒருவர் தன்னைப் பற்றிச் சேர்க்கும் தரவு அவருக்கே சொந்தம் என்று வைத்தார். டீமின் மொத்தக் கணக்கு மட்டுமே மேலே போகும். அந்தப் பகுதியை மேனேஜருக்குப் போகும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள் புதுக்கணினி, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

புதுக்கணினி எழுதியது:

எழுதிவிடுகிறேன். இப்போது இன்னொரு சங்கடம். மேனேஜர் நேற்று கேட்டார்: "இதெல்லாம் சரி, நமக்கு எந்த லெவல் கிடைக்கும்?" என்ன பதில் சொல்வது?

ஆடிட்டர்மாமா எழுதியது:

திருப்பிக் கேள்: லெவல் கேட்பது யார்? வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் அது தனி வேலை, தனிச் செலவு. அதற்கான ஆளை வைத்துச் செய்யவேண்டியது. அங்கீகாரம் பெற்ற லீட் அப்ரெய்சர் தலைமையில் முழு அப்ரெய்சல் (மதிப்பீடு) நடந்தால்தான் நிலை எண் கிடைக்கும். கிடைப்பது நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, மதிப்பிட்ட பிரிவுக்கு. மூன்று வருடம்தான் செல்லும். "நாங்கள் லெவல் இத்தனை" என்று பலகை வைத்திருப்பவர்களிடம் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று கேட்டுப்பார், முகம் மாறும்.

யாருமே கேட்கவில்லையென்றால் உன் குறிப்பில் அந்தச் சொல்லே வரவேண்டாம்.

சுழற்சி எழுதியது:

மேனேஜருக்குக் கட்டாயம் ஒரு பெயர் வேண்டுமென்றால் ஐடியல் என்று சொல்லுங்கள். எஸ்இஐ 1996-இல் வெளியிட்ட வழிகாட்டி. தொடங்கு, நோயறி, திட்டமிடு, செய், கற்றுக்கொள் என்று ஐந்து கட்டம். சிஎம்எம்ஐ என்ன வேண்டும் என்று சொல்லும், எந்த வரிசையில் மாற்றத்தைக் கொண்டுவருவது என்று ஐடியல் சொல்லும். திட்டமிடு, செய், சரிபார், நடவடிக்கை எடு என்ற பிடிசிஏ சுழற்சியைக் கொஞ்சம் நீட்டி எழுதியதுதான். தர மேலாண்மை அறிஞர் டெமிங் பெயரில் புழங்கும் அந்தச் சுழற்சியின் மூன்றாவது எழுத்தை டெமிங் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. "சரிபார்" இல்லை, "ஆராய்ந்து கற்றுக்கொள்" என்பார் அவர்.

நீங்கள் போட்ட பக் அட்டவணையும் எஸ்டிமேட் கணக்கும் "நோயறி" கட்டம். குறிப்பில் இரண்டாவது தலைப்பாகப் போய் உட்கார்ந்துவிடும்.

புதுக்கணினி எழுதியது:

நன்றி எல்லோருக்கும். அட்டவணை போட்டுவிட்டேன். அக்கா சொன்னது போலவே, தப்பிய காரணத்தில் "ஃபிக்ஸ் மெயினுக்கு வரவில்லை" என்பதுதான் அதிகம். பாதிக்கு மேல் இல்லை, ஆனால் தனியாக எடுத்தால் பெரியது. அடுத்த பெரிய குவியல் "டெஸ்ட் தரவு ப்ரொடக்‌ஷன் போல இல்லை". டிக்கெட் கணக்கு இன்னும் முடியவில்லை.

முதலில் மெர்ஜை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா, இரண்டையும் சேர்த்து எடுப்பதா?

மணிமேகலை_க்யூஏ எழுதியது:

மெர்ஜ் மட்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரே ஒரு ப்ராடக்டில் செய்யுங்கள். மாற்றத்துக்கு முந்தைய சில ரிலீசுகளின் "திரும்பி வந்த பக்" எண்ணிக்கையை இப்போதே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ரிலீஸ் கிளையில் போட்ட ஃபிக்ஸ் மெயினில் இருக்கிறதா என்று பில்டிலேயே சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், செக்லிஸ்ட் வேண்டாம். எந்த எண் வந்தால் இதைக் கைவிடுவோம் என்றும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

புதுக்கணினி எழுதியது:

சரி அக்கா. அவசரத்துக்கு வெளியிடும் ஹாட்ஃபிக்ஸ் ரிலீசுகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா?

மணிமேகலை_க்யூஏ எழுதியது:

சேருங்கள், ஆனால் தனி வரிசையில். உங்கள் பக் தொலைவதே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வழக்கமான ரிலீசோடு கலந்தால் தெரியாது.